ஆற்றுப்பாலத்தில் யாரும் நடப்பதில்லை

புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்கள் ஒன்பது பேருக்கும் ஏதாவது எழுதிக் கொடுங்கள் என்று ஆபீசில் கேட்டார்கள். கேம் விளையாடிப் பார்த்துக் குறை கண்டுபிடிக்கிற வேலையில் பன்னிரண்டு வருஷம் இருந்து ஓய்வு பெற்றவன், நாலு விஷயம் தெரிந்திருக்கும் என்று அவர்களுக்கு நினைப்பு. அந்த நினைப்பை முதலிலேயே கலைத்துவிடுகிறேன். ஒரு கேமில் எது நிறை, எது குறை என்பது எனக்கு இன்னும் பிடிபடவில்லை. சேர்ந்த அன்று ஓரளவு தெரிந்த மாதிரி இருந்தது. போகப் போகக் குழம்பிவிட்டது.

எந்த பட்டன் எதற்கு, ரிப்போர்ட்டை எந்தக் கட்டத்தில் நிரப்புவது என்பதையெல்லாம் மற்றவர்கள் சொல்லித் தருவார்கள். அதில் நான் தலையிட மாட்டேன். நான் சொல்லப்போவது ஒரே ஒரு கேம், ஒரே ஒரு பாலம், அதில் நான் செய்த தப்பு. உங்களில் யாராவது இதே தப்பைச் செய்யத்தான் போகிறீர்கள். செய்யும்போது இந்தக் கிழவன் ஞாபகத்துக்கு வந்தால் போதும்.

முன்னே நான் விழுப்புரத்தில் பிரவுசிங் சென்டர் வைத்திருந்தேன். எல்லார் கைக்கும் போன் வந்ததும் என் கடைக்கு ஈ, கொசு தவிர யாரும் வரவில்லை. கடையை மூடிவிட்டு, நாற்பத்தாறு வயதில் திண்டிவனத்துக்குத் தினமும் ரயில் ஏறத் தொடங்கினேன். மேம்பாலத்துக்குப் பக்கத்தில், பெயின்ட் கடைக்கு மேல்மாடி. நீங்கள் இப்போது உட்கார்ந்திருக்கிற அதே இடம்தான். என்னோடு வேலை பார்த்தவர்கள் எல்லாரும் என் மகன் வயசுப் பிள்ளைகள். மூன்று வருஷத்தில் என்னை டீம் லீட் ஆக்கினார்கள். திறமைக்காகவா, நரைத்த தலைக்காகவா என்று நான் கேட்கவில்லை, அவர்களும் சொல்லவில்லை.

நான் சொல்லவந்த கேமுக்கு எங்களுக்குள் 'செம்மண்' என்று பேர். கடைக்கு வரும்போது வேறு பேர் வைத்தார்கள். சென்னைக் கம்பெனி ஒன்று செய்தது. ஓப்பன் வேர்ல்டு வகை. கதை என்று ஒன்று இருக்கும், ஆனால் கதைப்படிதான் போகணும் என்று கட்டாயம் கிடையாது. ஏழு ஊர், ஒரு மலை, ஒரு பெரிய ஆறு, சுற்றிச் சுற்றி ரோடு. கதாநாயகன் பழைய லாரி டிரைவர். அண்ணனைக் கொன்ற கும்பலைத் தேடிக் கிளம்புகிறான். பைக் ஓட்டலாம், சுவர் ஏறலாம், சண்டை போடலாம், எதுவும் வேண்டாம் என்றால் டீக்கடை வாசலில் சும்மா நிற்கலாம். கதையில் அவனுக்கு ஒரு பேர் இருந்தது. எங்களில் யாரும் அதைச் சொன்னதில்லை. எங்களுக்கு அவன் மச்சான். "மச்சான் செத்துட்டான்டா", "மச்சான் செவுத்துக்குள்ள மாட்டிக்கினான்டா" என்றுதான் நாள் முழுக்கப் பேச்சு. ஒரு தடவை கீழே பெயின்ட் வாங்க வந்தவர் பதறிப்போய் மாடி ஏறி வந்துவிட்டார்.

வாராவாரம் சனிக்கிழமை சென்னைக்கு ஒரு தாள் அனுப்பவேண்டும். நடுவில் கோடு. இடது பக்கம் நிறை, வலது பக்கம் குறை. கேட்கச் சுலபமாக இருக்கிறதல்லவா? முதல் மாதமே அடி வாங்கினோம். கேமில் டவுன் பஸ் ஒன்று ஓடும். அது ஸ்டாப்பில் நிற்காது, இருபதடி தள்ளிப் போய் நிற்கும். நின்றுகொண்டிருந்த ஜனம் பையைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே ஓடும். நாங்கள் எல்லாரும் சேர்ந்து இதை நிறைப் பக்கத்தில் முதலாவதாக எழுதினோம். 'நம்ம ஊரை அப்படியே எடுத்து வைத்திருக்கிறார்கள்' என்று பாராட்டு வேறு. சென்னையிலிருந்து போன் வந்தது. அது பக், அதாவது புரோகிராமில் வந்த பிழை. பஸ்ஸுக்கு பிரேக் கணக்கு தப்பாகிவிட்டதாம். இத்தனை பேர் உட்கார்ந்து பார்க்கிறீர்கள், ஒருவருக்குமா தெரியவில்லை என்றார்கள். எங்களுக்குத் தெரியவில்லைதான். விழுப்புரத்துக்காரனுக்கு அது எப்படித் தெரியும்?

அவர்கள் அதைச் சரிசெய்தார்கள். பஸ் ஒழுங்காக ஸ்டாப்பில் நின்றது. பார்த்தால் ஊரே செத்துப்போன மாதிரி இருந்தது. வேறு ஊரில் விளையாடிப் பார்த்தவர்களும் அதையே சொல்ல, பழையபடி தள்ளி நிற்கிற பஸ்ஸையே கொண்டுவந்து வைத்தார்கள். அன்றைக்குத் தொடங்கியது என் குழப்பம்.

அதற்கப்புறம் எதை எழுத உட்கார்ந்தாலும் கை எந்தப் பக்கம் போவது என்று தடுமாறும். மழை அவ்வளவு அழகாகப் பெய்தது. மழையில் நின்று வேடிக்கை பார்த்ததில் அண்ணனைக் கொன்றவனை மறந்தே போனேன். அப்போது மழை நிறையா, குறையா? எங்கே வேண்டுமானாலும் போகலாம் என்பது பெரிய விஷயம்தான். போன இடத்திலெல்லாம் யாராவது ஒருத்தர் ஒரு பார்சலைக் கொடுத்து, பக்கத்து ஊரில் கொண்டுபோய்ச் சேர் என்றால் எரிச்சல் வராதா? ஊர் அழிந்தாலும் பார்சல் அழியாது போலிருக்கிறது. பைக் ஓட்டுகிற சுகம் வேறு எந்த கேமிலும் கிடையாது. ரவுடிகளோ வரிசையில் நின்று ஒவ்வொருத்தனாக வந்து அடி வாங்கிக்கொண்டு போவான்கள். இதையெல்லாம் எழுதினேன். எழுதிய பிறகு பக்கத்தை மாற்றினேன். திரும்பவும் மாற்றினேன்.

இந்த நேரத்தில்தான் ஸ்டெல்லா சேர்ந்தாள்.

செஞ்சிக்கு அப்பால், மேல்மலையனூர் போகிற வழியில் ஒரு ஊர். அப்பா அம்மா இரண்டு பேரும் கரும்பு வெட்டப் போகிறவர்கள். பள்ளிக்கூடம் முடித்த கையோடு விழுப்புரத்தில் ஒரு ஜவுளிக்கடையில் நாலு வருஷம் சேல்ஸ் வேலை. கேம் என்று ஒன்றையும் தொட்டதில்லை. அப்படிப்பட்டவளை எங்கள் முதலாளியம்மா ஏன் எடுத்தார் என்றால், எங்கள் விண்ணப்பத்தில் ஒரே கேள்வி இரண்டு இடத்தில் வந்திருந்தது. வந்த முப்பது பேரில் அதைக் காட்டிக் கேட்டவள் அவள் ஒருத்திதான். மேடம் அவளை மூன்று மாதம் ட்ரெய்னிங்கில் போட்டார். மூன்று மாதம் கழித்து வேலை நிரந்தரமா இல்லையா என்று டீம் லீட் எழுதித் தரவேண்டும். அந்த டீம் லீட் நான்.

முதல் நாள் நாற்காலியைக் காட்டினேன். உட்காராமல் நின்றுகொண்டே இருந்தாள்.

"இன்னாம்மா, உக்காரு."

"எந்நேரமும் உக்காந்துக்கலாமாண்ணே?"

"பின்ன? நின்னுக்கினா கேம் ஆடுவாங்க?"

உட்கார்ந்தாள். கொஞ்ச நேரம் கழித்து அவளாகவே சொன்னாள். கடையில் காலை ஒன்பதரைக்கு நின்றால், சாப்பாட்டு நேரம் தவிர ராத்திரி கடை சாத்துகிறவரை நிற்கவேண்டும். கஸ்டமர் இல்லாவிட்டாலும் உட்காரக் கூடாது. கால் நரம்பெல்லாம் சுருண்டுகொண்டு, வீட்டுக்குப் போனால் பாதம் செருப்புக்குள் போகாதாம். "டாக்டரு நின்னு செய்ற வேலை வேணான்னுட்டாருண்ணே. எங்க அம்மா சொல்லிச்சு, உக்காந்து செய்ற வேலை ஒண்ணு கெடச்சா உட்றாதடின்னு." அவளுக்கு வேண்டியது இந்த நாற்காலிதான், வேறொன்றுமில்லை என்று அன்றைக்கே எனக்குத் தெரியும். தெரிந்துதான் பின்னால் நடந்ததைச் செய்தேன். அதை மறைக்கக்கூடாது.

அவள் விளையாடுகிற அழகைப் பார்த்தால் உங்களுக்குச் சிரிப்பு வரும். நாங்கள் கேமைத் திறந்தால் மச்சான் ஓடுவான். ஓடுவான், இல்லையென்றால் பைக்கில் பறப்பான். அவள் மச்சான் நடப்பான். கன்ட்ரோலரில் கட்டைவிரலுக்குக் குச்சி மாதிரி ஒன்று இருக்கிறதே, அதைக் கடைசிவரை தள்ளினால் ஓட்டம், பாதி தள்ளினால் நடை. உடைந்துவிடுமோ என்று பயந்து அவள் பாதிதான் தள்ளுவாள். "மச்சானுக்கு இன்னா, மாப்பிள்ளை ஊர்வலமா?" என்று கிண்டல் பண்ணினேன். "அவனும்தான் எவ்ளோ நேரம் ஓடுவாண்ணே, கால் வலிக்காதா?" என்றாள்.

இரண்டாவது வாரம் நிறைப் பக்கத்தில் ஒரு வரி எழுதினாள். 'மச்சான் பெஞ்சில் உட்காரலாம். உட்கார்ந்தால் மூச்சு வாங்குவது நிற்கிறது.' ஆறு மாதமாக ஆடிக்கொண்டிருந்த எங்களில் ஒருவருக்கும் மச்சான் உட்காருவான் என்றே தெரியாது. ஆபீசே சிரித்தது. இதெல்லாம் ஒரு நிறையா என்று அந்த வரியை அடித்துவிட்டுத்தான் சென்னைக்கு அனுப்பினேன்.

இனி பாலத்துக்கு வருகிறேன். கேமின் நடுவில் ஓடுகிற ஆற்றுக்கு ஒரு நீளப் பாலம். ஆரம்ப மாதங்களில் அது அரைகுறையாகக் கிடந்தது. அங்கங்கே தரை ஏமாற்றும், மச்சான் ஆற்றில் விழுவான். பைக்கில் முழு வேகத்தில் போனால் தப்பித்துக்கொள்ளலாம் என்று கண்டுபிடித்து, எல்லாரும் அப்படியே பழகிவிட்டோம். அப்புறம் சென்னையில் பாலத்தைச் சரிபண்ணினார்கள். எங்கள் கையைச் சரிபண்ண யாருமில்லை. சரியான பிறகும் அந்தப் பாலத்தை நாங்கள் பைக்கில் பறந்துதான் கடந்தோம். விழுப்புரத்தில் என் தெருமுனையில் சாக்கடை மூடி உடைந்து கிடந்தது. மூடியை மாற்றி ஒரு வருஷம் ஆன பிறகும் என் கால் அந்த இடத்தில் ஒதுங்கித்தான் போகும். அதே கதை.

ஸ்டெல்லா ஒரு ரிப்போர்ட் போட்டாள். 'ஆற்றுப்பாலத்தின் நடுவில் தரை மறைகிறது. மச்சான் விழுகிறான். மறுபடி கேமைத் திறந்தாலும் விழுந்துகொண்டே இருக்கிறான்.' கேம் தானாக அவ்வப்போது சேவ் ஆகும். விழுகிற நேரத்தில் சேவ் ஆகிவிட்டால், ஆடினவன் அதுவரை ஆடியது அத்தனையும் போச்சு. அவள் சொன்னது உண்மையானால் அதைவிடப் பெரிய குறை அந்த கேமில் கிடையாது. நான் போய்ப் பார்த்தேன். ஐந்து தடவை பாலத்தைக் கடந்தேன். ஒன்றும் ஆகவில்லை. 'திரும்ப வரவில்லை' என்று எழுதி மூடினேன். மூடின ரிப்போர்ட்டை அப்புறம் யாரும் எடுத்துப் பார்க்கமாட்டார்கள்.

பத்து நாள் கழித்து இரண்டாவது ரிப்போர்ட். திரும்பவும் கடந்தேன், திரும்பவும் மூடினேன். மூன்றாவதில் கீழே ஒரு வரி சேர்த்திருந்தாள். 'தயவுசெய்து மெதுவாகப் போய்ப் பார்க்கவும்.' போனேன். மெதுவாகத்தான் போனேன். எதில் என்கிறீர்கள்? பைக்கில். என் புத்திக்கு எட்டிய 'மெதுவாக' அவ்வளவுதான். மூன்றாவதையும் மூடிவிட்டு அவளைக் கூப்பிட்டு, "இல்லாததை இருக்குன்னு எழுதினா நம்ம ஆபீஸ் பேரு கெட்டுப்பூடும்மா" என்று சத்தம் போட்டேன். அவள், "எனக்கு வருதுண்ணே" என்று மட்டும் சொன்னாள்.

அவளுடைய மூன்று மாதமும் 'செம்மண்' முடிகிற நாளும் ஒரே சனிக்கிழமையில் வந்து விழுந்தன. மாலை ஆறு மணிக்குள் எல்லாம் சரி என்று நான் கையெழுத்துப் போட்டு அனுப்பினால் கேம் கடைக்குப் போய்விடும். காலையில் வந்ததும் முதல் வேலையாக ஸ்டெல்லாவைப் பற்றி எழுதி மேடத்துக்கு அனுப்பினேன். 'உழைப்பு உண்டு. கவனம் போதாது. வராத பக்கை வந்ததாக எழுதுகிறார். நிரந்தரம் செய்யலாம் என்று சொல்ல முடியவில்லை.' அனுப்பும்போது நெஞ்சில் ஏதோ உறுத்தியது. நியாயம் என்று ஒன்று இருக்கிறதே என்று என்னை நானே சமாதானப்படுத்திக்கொண்டேன்.

மத்தியானம் சாப்பிட்டுவிட்டு வந்தால் அவள் என் மேசைப் பக்கம் நிற்கிறாள்.

"அண்ணே, ஒரே ஒரு தபா பாலத்துல போய்க் காட்டுங்க. நான் பார்க்குறேன்."

"அதான் மூணு தபா போய்ட்டேனே. இன்னிக்கு ஆறு மணிக்குக் கையெழுத்துப் போடணும், பேஜாரு பண்ணாத."

"வண்டியில வேணாண்ணே. நடந்து."

"நடந்தா?"

"ஆமாண்ணே. ஓடாம."

கன்ட்ரோலரை எடுத்தேன். பாலத்து முனையில் மச்சானை நிறுத்திக் குச்சியைத் தள்ளினேன். ஓடினான். இன்னும் மெல்லத் தள்ளினேன். இரண்டடி நடந்து மறுபடி ஓடினான். உங்களுக்கு வேடிக்கையாக இருக்கும். எட்டு வருஷம் அந்தக் குச்சியைத் தள்ளின என் கட்டைவிரலுக்குப் பாதியில் நிற்கத் தெரியவில்லை. நாலு தடவை முயற்சி பண்ணினேன், நாலு தடவையும் மச்சான் ஓடினான். அவள் கையை நீட்டினாள். கொடுத்தேன்.

மச்சான் நடந்தான். அந்தப் பாலத்தை நடந்து கடக்க நாலு நிமிஷம் ஆகிறது என்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். கீழே ஆறு ஓடியது, தூரத்தில் ஒரு ஆள் வலை வீசிக்கொண்டிருந்தான். இதையெல்லாம் நான் பார்த்ததேயில்லை. பாலத்தின் நடுவில், நாலாவது விளக்குக் கம்பம் தாண்டியதும், தரை போனது. மச்சான் விழுந்தான். திரையின் மூலையில் சேவ் ஆகிற வட்டம் சுற்றியது. அணைத்துவிட்டுத் திறந்தாள். விழுந்துகொண்டே இருந்தான்.

கடிகாரத்தைப் பார்த்தேன். மணி மூன்றரை.

மேடம் அறைக்குப் போனேன். அவர் தலையில் கைவைத்துக்கொண்டார். "யாருங்க அந்தப் பாலத்துல நடக்கப் போறாங்க? நீங்களே எட்டு வருஷ ஆளு, உங்களுக்கே நடக்கத் தெரியல. சின்னக் குறைன்னு எழுதி அனுப்பிடுங்க. கடைக்குப் போகட்டும், அப்புறம் சரிபண்ணிக்குவாங்க. இப்ப நிறுத்துனா அடுத்த கேமை நமக்குத் தரமாட்டாங்க, பன்னெண்டு பேர் வேலை சார்." அவர் சொன்னதில் தப்பு ஒன்றுமில்லை, பன்னிரண்டு குடும்பம் இருந்தது நிஜம்தான். ஆனால் எங்கேயோ ஒரு வீட்டில் வேலை முடிந்து களைத்து வந்து, மச்சானைக் கொஞ்சம் நடக்கவிட்டு ஆறு பார்க்கிறவன் ஒருத்தன் இருப்பான். அவனுடைய மாதக்கணக்கான ஆட்டம் போகும். முடியாது மேடம், நிறுத்தித்தான் ஆகணும் என்றேன். அவர், "உங்க இஷ்டம், உங்க பேரு" என்றார்.

அந்த அறையில் நான் சரியாகத்தான் நடந்துகொண்டேன். இதற்கப்புறம்தான் கோட்டைவிட்டேன்.

எழுத இரண்டு வழி இருந்தது. ஸ்டெல்லாவின் பழைய ரிப்போர்ட்டைத் திறந்து, அவள் சொன்னது சரி என்று எழுதலாம். அப்படிச் செய்தால் நான் மூன்று முறை மூடியது எல்லாருக்கும் தெரியும். காலையில் அனுப்பிய 'கவனம் போதாது' என் முகத்திலேயே வந்து அடிக்கும். இல்லையென்றால் என் பேரில் புதிதாக ஒன்று எழுதலாம். டீம் லீட் பேரில் போனால் சென்னையில் உடனே எடுத்துப் பார்ப்பார்கள், ட்ரெய்னிங் பெண் பேரில் போனால் திங்கட்கிழமைக்குத் தள்ளுவார்கள். இதுவும் உண்மை. இந்த உண்மையைப் பிடித்துக்கொண்டு என் பேரில் எழுதினேன்.

ஸ்டெல்லா பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தாள். "அண்ணே, நான் எழுதுனது?"

"அதான் இது. என் பேர்ல போனா ஜல்தியா பார்ப்பாங்க."

தலையை ஆட்டிவிட்டுத் தன் இடத்துக்குப் போனாள். கன்ட்ரோலரைத் துப்பட்டாவால் துடைத்து வைத்துவிட்டுப் பஸ்ஸுக்குக் கிளம்பிவிட்டாள். ஐந்தரைக்குச் சென்னையிலிருந்து போன். கேமை நிறுத்திவிட்டார்கள். திட்டுவார்கள் என்று பயந்தேன், பாராட்டினார்கள். 'உங்கள் அனுபவம் பேசுகிறது' என்றார் ஒருத்தர். சந்தோஷமாக இருந்தது என்று சொல்லவே கேவலமாக இருக்கிறது, ஆனால் சந்தோஷமாகத்தான் இருந்தது. காலையில் அனுப்பின தாளைத் திங்கட்கிழமை பார்த்துக்கொள்ளலாம் என்று ரயில் ஏறினேன்.

திங்கட்கிழமை அவள் நாற்காலி காலி. மேடம் ஞாயிற்றுக்கிழமையே போன் பண்ணி, இனி வரவேண்டாம் என்று சொல்லியிருந்தார். நான் எழுதிக் கொடுத்ததைப் படித்துவிட்டுத்தானே சொன்னார். அவரை என்ன குறை சொல்வது?

அன்றைக்கு மேடத்திடம் எல்லாவற்றையும் சொன்னேன். "கிளையன்ட் கேட்டா என்னங்க சொல்றது, எங்க டீம் லீட் மூணு தடவை மூடினாருன்னா?" என்று கத்தினார். அப்படியே சொல்லுங்கள் என்றேன். மூன்று ரிப்போர்ட்டையும் திறந்தேன். ஒவ்வொன்றிலும், இதை மூடியது என் தப்பு என்று எழுதினேன். என் பேரில் போட்டதற்குக் கீழே, இதைக் கண்டுபிடித்தவர் ஸ்டெல்லா என்று எழுதினேன். சென்னையிலிருந்து சாயங்காலம் ஒரே வரி பதில் வந்தது. நடக்கிற அந்தப் பெண்ணை அடுத்த கேமில் முதல் நாளிலிருந்தே போடுங்கள். என்னைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. திட்டியிருந்தால் கொஞ்சம் ஆறியிருக்கும்.

அவள் போனை எடுக்கவில்லை. பழைய ஜவுளிக்கடைக்கே போய்விட்டாள் என்று ஆபீஸ் பையன் ஒருவன் சொன்னான். விழுப்புரத்தில் இறங்கியதும் ஸ்டேஷனிலிருந்து ஷேர் ஆட்டோ பிடித்து நேரே அங்கே போனேன். வாசலை ஒட்டின காட்டன் புடவைப் பகுதியில் இருந்தாள். நாலு வருஷம் வேலை பார்த்தவளைப் புது ஆள் மாதிரி முதல் வரிசையில் நிறுத்தியிருந்தார்கள். கஸ்டமருக்கு வரிசையாக ஸ்டூல். சும்மா நின்று பேசினால் சூப்பர்வைசர் வந்துவிடுவார் என்று ஸ்டூலில் உட்கார்ந்தேன். அவள் நின்றாள்.

"வாங்க சார். இன்னா பாக்குறீங்க?"

மூன்று மாதமாக அண்ணே என்றவள். அந்த ஒரு 'சார்' போதும், வேறு ஏதும் வேண்டாம்.

"ஸ்டெல்லா, நான் வந்து..."

"இது புதுசா வந்துக்குது சார், பாருங்க." ஒரு புடவை என் முன்னால் விரிந்தது. சூப்பர்வைசர் பின்னால் வந்து நின்றிருந்தார். அவர் நகரும்வரை ஓரத்தைத் தடவிப் பார்த்தேன். நகர்ந்ததும், மூணையும் திறந்துவிட்டேன், வேலை இருக்கிறது, மேடம் வரச் சொன்னார் என்று குசுகுசுவென்று சொன்னேன். அவள் அடுத்த புடவையை விரித்துக்கொண்டே கேட்டாள்.

"என் பேர்ல இருக்குதா?"

"உன் பேர்லதான்."

"நீங்க வரலன்னு எழுதுனது?"

"அதுவும் அப்படியே இருக்குது. அழிக்கல."

"அன்னைக்கே எழுதியிருக்கலாம் இல்ல சார்?"

"எழுதியிருக்கலாம்."

"ஏன் எழுதல?"

தெரியவில்லை என்றேன். பொய். நன்றாகத் தெரியும். வெட்கம். எட்டு வருஷம் இந்த வேலையில் ஊறினவன், நேற்று வந்த பெண் கையிலிருந்து கற்றுக்கொண்டேன் என்று எழுத எனக்கு மனசு வரவில்லை. அவள் வேலையைவிட என் மானம் பெரிதாகத் தெரிந்தது. அதை அந்த ஸ்டூலில் உட்கார்ந்து அவளிடம் சொல்லும் தைரியம் இல்லை. என் கண் மேசைக்குக் கீழே அவள் காலைப் பார்த்தது. ஒரே நாளில் கணுக்கால் தடித்திருந்தது.

"சார், செலக்ட் ஆயிடுச்சுங்களா?" என்று சூப்பர்வைசர் வந்துவிட்டார். என் முன்னால் பதினொரு புடவை விரிந்து கிடந்தது. கையில் இருந்ததைக் கொடுத்தேன். அவள் மடித்து பில்லுக்கு அனுப்பிவிட்டுச் சொன்னாள், "எழுந்துக்கிறீங்களா சார், பின்னாடி கஸ்டமரு நிக்கிறாங்க."

எழுந்தேன். இன்றுவரை அந்தப் புடவை எதற்கு வாங்கினேன் என்று என் மனைவிக்கு விளங்கவில்லை.

வியாழக்கிழமை காலை அவள் ஆபீசுக்கு வந்தாள். யாரிடமும் ஒன்றும் கேட்காமல் தன் நாற்காலியில் உட்கார்ந்தாள். மன்னித்தாளா என்று தெரியவில்லை, திட்டவும் இல்லை. வேலையைப் பற்றி எவ்வளவு வேண்டுமானாலும் பேசுவாள். ஆனால் சார்தான்.

பாலத்தைச் சரிபண்ணி கேம் வெளியே வந்தது. ஊரெல்லாம் நிறை குறை எழுதினார்கள். பாலத்தைப் பற்றி ஒருத்தரும் எழுதவில்லை, சரியாக இருக்கிற பாலத்தைப் பற்றி யார் எழுதுவார்? பார்சல் தொல்லை தாங்கவில்லை என்றார்கள். பஸ் தள்ளி நிற்பதைச் சிலர் ரசித்தார்கள், சிலர் திட்டினார்கள். நிறையப் பேர் ஒரே ஒரு விஷயத்தைப் புகழ்ந்திருந்தார்கள். கதாநாயகன் பெஞ்சில் உட்காருகிறான், உட்கார்ந்ததும் மூச்சு வாங்குவது அடங்குகிறது, அதைப் பார்க்க அவ்வளவு நன்றாக இருக்கிறது என்று. நான் அடித்துவிட்ட வரி.

ஒரு விஷயத்தில் மட்டும் எனக்கு இன்னும் தெளிவு வரவில்லை. அந்தச் சனிக்கிழமை அவள் பேரில் அனுப்பியிருந்தால் சென்னையில் கேமை நிறுத்தியிருப்பார்களா? ஒருவேளை நிறுத்தாமலே போயிருக்கலாம். அப்படியென்றால் நான் செய்ததில் பாதி சரி. எந்தப் பாதி? உங்களிடம் பதில் இருந்தால் சொல்லுங்கள். எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான்: ஒருத்தருடைய ரிப்போர்ட்டை மூடுவதற்கு முன், அவர் பக்கத்தில் உட்கார்ந்து அவர் கை என்ன செய்கிறது என்று பாருங்கள். உங்கள் கையில் வராதது இன்னொரு கையில் வரும்.

என் இடத்தில் ஸ்டெல்லாதான் இப்போது உங்கள் டீம் லீட். முதல் நாளே உங்கள் கையில் கன்ட்ரோலரைக் கொடுத்து, பழைய 'செம்மண்' பாலத்தை நடந்து கடக்கச் சொல்வாள். சிரிக்காதீர்கள். நாலு நிமிஷம் ஆகும்.

போன மாதம் எனக்கு வழியனுப்பு விழா வைத்தார்கள். எங்கள் ஆபீஸ் வழக்கப்படி, போகிறவரைப் பற்றி டீம் லீட் நடுவில் கோடு போட்ட தாளில் எழுதித் தரவேண்டும். அவள் எழுதியிருந்தாள். நிறை: தான் மூடியதைத் தானே திறந்தார். குறை: மூன்று முறை மூடினார், ஒரு முறை தன் பேரைப் போட்டுக்கொண்டார். மற்றவர்கள் கை தட்டினார்கள், பின்னால் சேர்ந்த அவர்களுக்கு விஷயம் தெரியாது. எல்லாரும் கேக் சாப்பிடப் போனதும் அவளிடம் கேட்டேன், "இதுல எந்தப் பக்கம்மா பெருசு?"

அவள் அந்தத் தாளை வாங்கி இரண்டு பக்கத்தையும் இன்னொரு தடவை நிதானமாகப் படித்தாள். ஒரு நாற்காலியை இழுத்து என் பக்கம் போட்டாள்.

"தெர்லண்ணே," என்றாள். "உக்காருங்க."